பேருக்கு இருக்கிறவள்

ஓட்டர் லிஸ்டுப் பேரு விசாரிக்கத்தான வந்தீங்க டீச்சர், நின்னுக்கிட்டே எழுத முடியுமா. அந்தச் சேர்ல உக்காருங்க. ஒரு கால் ஆடும், செவுத்தோட சாச்சிப் போட்டுக்கிட்டா ஒண்ணும் ஆவாது. நான் இப்படியே கீழ உக்காந்து முந்திரிக் கொட்டைய ஒடைச்சிக்கிட்டே சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்சம் தள்ளியே உக்காருங்க. இதுல இருந்து எண்ணெய் தெறிக்கும். சீலையில பட்டா கறை போவாது, தோல்ல பட்டா தோலே போயிடும்.

ம், சொல்லுங்க. கலியமூர்த்தி, வயசு நாப்பத்திமூணு. சரிதான், அது எங்க ஊட்டுக்காரரு. பலாத்தோப்புக் காவலுக்குப் போயிருக்காரு. அடுத்தது தனக்கொடி, அப்பா பேரு ராமலிங்கம், வயசு முப்பத்தேழு. அதுவும் சரி.

ஏன் பேனாவ நிறுத்திட்டீங்க? ஓ, இந்தப் பையன் என்னை அம்மான்னு கூப்ட்டுட்டு ஓடுனானே, அதுக்கா. கலியமூர்த்திக்கு நீங்க என்னா முறைன்னு கேக்கறீங்க. கேக்க வேண்டிய கேள்விதான். நாலு வருசமா இந்த லிஸ்டத் தூக்கிக்கிட்டு வந்தவங்க யாரும் கேக்கல. அவங்கள்லாம் உள்ளூரு. நீங்க நெய்வேலிப் பக்கம்னு இலக்கியா சொல்லுச்சு. என் மூத்த பொண்ணு இலக்கியா, உங்க ஸ்கூல்லதான் ஏழாவது படிக்குது.

நான் அவருக்குப் பொண்டாட்டி டீச்சர். பேரு குணவல்லி. குணவல்லி செத்து நாலு வருசம் ஆவுது, சர்டிபிகேட் இருக்குது, வேணும்னா எடுத்தாந்து காட்டறேன். அந்தக் குணவல்லியும் நான்தான்.

அப்படிப் பாக்காதீங்க. எனக்குப் புத்தி நல்லாத்தான் இருக்குது. எழுதறத எழுதுங்க, சொல்றதக் கேளுங்க. கேட்டுட்டு நீங்க போயி மேல சொன்னாலும் சரி. செத்தவள யாரும் வந்து புடிச்சிக்கிட்டுப் போவ முடியாது.

நானும் தனக்கொடியும் ரெட்டைப் புள்ளைங்க. அவ கால் மணி நேரம் மூத்தவ. பெத்தவளுக்கே எங்கள அடையாளம் தெரியாது, ஒருத்திக்குப் போட்ட அடி இன்னொருத்திக்கு விழுவும். அடி வாங்குறவ பெரும்பாலும் அவதான். நான் தப்பு பண்ணிட்டு நிப்பேன், அவ முன்னாடி போயி நின்னுக்குவா. அவ சுபாவம் அது. யாரும் சொல்லிக் குடுக்கல.

அஞ்சாவது முடிச்சப்ப எங்கப்பா, ஒருத்தி படிக்கட்டும், ஒருத்தி அம்மாகூடக் கொட்டை ஒடைக்க வரட்டும்னாரு. 'எனக்குப் படிப்பு ஏறல, குணா போவட்டும்'னா அவ. ஏறலதான் போலருக்கு. ஆனா பத்தாவது வரைக்கும் எனக்கு ஊட்டுக் கணக்கெல்லாம் போட்டுக் குடுத்தது அவதான். கையெல்லாம் கறுத்துப் போயி, வெரல்ல தோல் உரிஞ்சி, பென்சிலப் புடிக்க முடியாம துணியச் சுத்திக்கிட்டுப் புடிப்பா. பொழுது போவாம பண்றான்னு நெனப்பேன்.

கலியமூர்த்தி ஊட்டுல இருந்து மொதமொதல்ல பொண்ணு பாக்க வந்தது அவளத்தான். மூத்தவ இல்லையா. வேலி சந்துல எட்டிப் பாத்தேன் நானு. எனக்குப் புடிச்சிருந்துச்சு, அவகிட்ட சொன்னேன். சும்மா வெளையாட்டுக்குத்தான் சொன்னேன். காபித் தட்ட என் கையில குடுத்துட்டு, 'எனக்கு வயித்து வலிடி, நீ போ'ன்னுட்டுக் கொல்லைப் பக்கம் போயிட்டா. வயித்து வலிதான் இருந்திருக்கும். அவங்களுக்கும் ரெண்டு மூஞ்சியும் ஒண்ணுதான, தட்டத் தூக்கிட்டு வந்தவ நல்லா இருக்கான்னு சொல்லிட்டாங்க. அப்படித்தான் எனக்கு மொதல்ல ஆச்சு. அதுக்கப்பறம் அவளுக்கு வந்த எடம் எதுவும் அமையல. எங்கப்பாவும் போயிட்டாரு, அம்மாவும் போயிட்டாங்க. அவ எங்ககூடவே வந்துட்டா. அவளுக்குன்னு யாரு இருக்கா, தனி ஆளு. எங்கள விட்டா அவளுக்கு என்னா இருந்துச்சு சொல்லுங்க.

அப்பறம் எங்க ஊட்டுக்காரரு பலா மரத்துல இருந்து விழுந்துட்டாரு. காய் வெட்ட ஏறுனவரு. இடுப்பு எலும்பு ஒடைஞ்சி ஒரு வருசம் படுத்த படுக்கை. அப்பதான் ஏஜெண்டு ஒருத்தரு வந்தாரு, குவைத்துல ஊட்டு வேலை, முப்பது வயசுக்கு மேல இருந்தாதான் எடுப்பாங்க, பாஸ்போர்ட்டு இருக்கான்னாரு. எடுத்தேன். நான்தான் எடுத்தேன், என் போட்டோ, என் கையெழுத்து. விசாவும் வந்துடுச்சு. மெட்ராஸ் போயி டாக்டர் டெஸ்ட் ஒண்ணுதான் பாக்கி. அப்ப பாத்து எனக்கு நாள் தள்ளிப் போச்சு. இடுப்பு ஒடைஞ்ச மனுசன்னு நம்பி நான் கவனமா இல்லாம போயிட்டேன்.

மாசமா இருக்கறவள எடுக்க மாட்டாங்க டீச்சர். ஏஜெண்டு வந்து, 'குடுத்த பணம் திரும்பாது, விசா இந்தப் பேருக்கு வந்தது, பேர மாத்த முடியாது'ன்னாரு. சொல்லிக்கிட்டே தனக்கொடியப் பாத்தாரு. அவ அம்மியில தேங்கா அரைச்சிக்கிட்டு இருந்தா. எங்க ஊட்டுக்காரரு படுத்தவாக்குல, 'மூஞ்சி ரெண்டும் ஒண்ணுதான்'னு சொன்னாரு. அவளப் பாத்துச் சொல்லல, கூரையப் பாத்துத்தான் சொன்னாரு. நான் ஒண்ணுமே சொல்லல. ரெண்டு நாளு சாப்புடல, அவ்வளவுதான். வயித்துப் புள்ளக்காரி சாப்புடாம கெடந்தா என்னா ஆவும்னு அவளாவே நெனச்சிக்கிட்டா போலருக்கு. மூணாவது நாள் காலையில தட்டுல இட்டிலிய வச்சிக்கிட்டு வந்து என் பக்கத்துல உக்காந்து, 'நான் போறேன். நீ சாப்புடு'ன்னா.

யாரும் அவளப் போன்னு சொல்லல டீச்சர். அத நல்லா மனசுல வச்சிக்கங்க.

ஒண்ணே ஒண்ணு கேட்டா. 'தை மாசம் ஆவட்டுமே, தைக்கு அப்பறம் போறேனே'ன்னா. பொங்கலுக்கு முந்திரிக் கம்பெனியில பொடவை எடுத்துக் குடுப்பாங்க, அத வுட்டுட்டுப் போவ மனசு வரலன்னு நெனச்சேன். விசா தை வரைக்கும் தாங்காதுன்னு ஏஜெண்டு சொல்லிட்டாரு. சரின்னுட்டா. கார்த்திகையில கெளம்பிட்டா. மெட்ராஸ்ல அவ ரத்தத்த எடுத்தாங்க, அவள எக்ஸ்ரே எடுத்தாங்க, குணவல்லின்னு எழுதிக்கிட்டாங்க. வெரல் ரேகை வைக்கச் சொன்னப்ப மிஷின்ல ஒண்ணும் சரியா விழலியாம். கொட்டை ஒடைக்கிறவ வெரல்ல ரேகை எங்க இருக்கும். ஏஜெண்டு அத நல்ல சகுனம்னு சொல்லிச் சிரிச்சாரு.

அங்க போயி பத்து மாசம் இருந்தா. வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை போன்ல பேசுவா. 'இங்க எல்லாரும் குணா குணான்னு கூப்புடறாங்கடி, எனக்குத்தான் திரும்பிப் பாக்க நேரமாவுது'ன்னு ஆரம்பத்துல சொல்லுவா. அப்பறம் சொல்றதில்ல. இந்தப் பையன் வைகாசியில பொறந்தான், வீடியோவுல காட்டுனோம். அன்னைக்கி நான் தனம் தனம்னு ரெண்டு தடவை கூப்ட்டேன், திரும்பல. வேற யாரையோ கூப்புடறேன்னு நெனச்சிக்கிட்டா போல. குணான்னேன். டக்குனு பாத்தா.

புரட்டாசியில ஒரு நாளு பகல்ல போன் வந்துச்சு. ஏஜெண்டுதான். 'குணவல்லி தூக்கத்துலயே போயிட்டாங்க, நெஞ்சு அடைப்பு'ன்னாரு. நான் போன காதுல வச்சிக்கிட்டு, 'குணவல்லிதான் பேசறேன், சொல்லுங்க'ன்னு நின்னேன். எனக்கு வெளங்கறதுக்கே நேரம் ஆச்சு.

ஒடம்பு வர ஒரு மாசம் ஆயிடுச்சு. அதுக்குள்ள ஏஜெண்டு ரெண்டு தடவை நேருல வந்துட்டாரு. பாஸ்போர்ட்டு ஒருத்தி, போனது ஒருத்தின்னு வெளிய தெரிஞ்சா மூணு பேரும் உள்ள போவணும், கைக்கொழந்தையோட போறியான்னு கேட்டாரு. ஒடம்பு குணவல்லியாத்தான் எறங்கணும்னாரு. எங்க ஊட்டுக்காரரு தெருவுல ஒவ்வொரு ஊடா போயி கைய கூப்பிச் சொல்லிட்டு வந்தாரு. நல்ல ஜனங்க டீச்சர். ஒருத்தரும் மறுப்பு சொல்லல.

ஐப்பசி மழையில வண்டி வந்துச்சு. கூடவே வி.ஏ.ஓ வந்தாரு, ஒரு போலீஸ்காரரு வந்தாரு. பொட்டியத் தொறந்தாங்க. தெருவே கூடி, 'குணவல்லி, எங்கள வுட்டுப் போயிட்டியே குணவல்லி'ன்னு ஒப்பாரி வச்சிச்சு. நான் தலைமாட்டுல உக்காந்திருக்கேன், அவங்க என் பேரச் சொல்லி மாரடிக்கறாங்க. என்னாவோ மாதிரி இருக்கும்னு நெனைக்கறீங்க. ஒண்ணுமில்ல. தூரத்துல வேற யார் ஊட்டுலயோ சாவு வுழுந்த மாதிரி இருந்துச்சு.

அவ கையைத்தான் பாத்தேன். வெளுத்திருந்துச்சு. பத்து மாசம் கொட்டை ஒடைக்கலியா, புதுத் தோலு மொளைச்சி, நகமெல்லாம் நகமா இருந்துச்சு. அஞ்சாவதுக்கு அப்பறம் அவ கை அப்படி இருந்து நான் பாத்ததே இல்ல. இது அவ இல்லையோ, ஆள மாத்தி அனுப்பிட்டாங்களோன்னுகூட ஒரு நிமிசம் இருந்துச்சு.

அப்ப எங்க பெரியாத்தா முறையில ஒரு கெழவி காதுகிட்ட வந்து, 'ஏண்டி, கட்டுனவ பொணம்னு சொல்லிக்கிட்டு கழுத்து வெறுங்கழுத்தா கெடக்குது, ஆபீசரு பாக்கறாரு'ன்னா. நெசந்தான், வி.ஏ.ஓ எழுதிக்கிட்டே பாத்துக்கிட்டு இருந்தாரு. எனக்கு வேற தோணல. உள்ள போயி என் கழுத்துல இருந்தத அவுத்தேன். தங்கம் எப்பவோ போயிடுச்சு, மஞ்சக் கயிறும் மஞ்சத் துண்டும்தான் இருந்துச்சு. அவருகிட்ட குடுத்தேன். அவரு கட்டுனாரு. முடிச்சு விழல, அந்தக் கெழவிதான் தலைய தூக்கிப் புடிச்சா. மூணு முடிச்சும் போட்டாரு. பூ வச்சி, பொட்டு வச்சி, சுமங்கலியாத்தான் அனுப்பிச்சோம். ஒரு கொறையும் வைக்கல.

அந்த நேரத்துல ஒருத்தரு எழுந்து போனாரு. வீராசாமின்னு, முந்திரிக் கம்பெனியில குட்டியானை வண்டி ஓட்டறவரு. ஊடு ஊடா மூட்டை எறக்கி வைக்கிறதும் பருப்ப ஏத்திக்கிட்டுப் போறதும் அவரு வேலை. தெருவே குணவல்லின்னு அழுதுகிட்டு இருக்க, அந்த ஆளு மட்டும் காலையில இருந்து தூணப் புடிச்சிக்கிட்டு, 'தனம், தனம்'னு மெதுவா சொல்லிக்கிட்டே இருந்தாரு. காட்டிக் குடுத்துடுவாரு போலருக்கேன்னு எனக்குப் பதைபதைப்பா இருந்துச்சு. தாலி கட்டும்போது எழுந்து மழையில நடந்து போயிட்டாரு. வண்டியக்கூட எடுக்கல. நல்லவேளைன்னு நெனச்சேன்.

இன்னொண்ணு. கைக்கொழந்தை பாலுக்கு அழுதுச்சு. நான் தனக்கொடி இல்லையா அன்னைக்கி, கல்யாணம் ஆவாதவ, ஆபீசரு முன்னாடி எப்படிக் குடுப்பேன். பக்கத்து ஊட்டு அஞ்சலாட்சி தூக்கிக்கிட்டுப் போயி அவ பாலக் குடுத்தா. எனக்கு ஜாக்கெட்டு நனைஞ்சி, முந்தானைய இழுத்துப் போத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். மழையில நனைஞ்சதுன்னு நெனச்சிக்கிட்டாங்க.

எல்லாம் எரிச்சி முடிச்சாச்சு. கயிறும் அதோட போயிடுச்சு. அதுக்கப்பறம் அவரும் எனக்கு வேற கட்டல, நானும் கேக்கல. வெளிய யாராவது இருந்தா என்னைத் தனம்னுதான் கூப்புடுவாரு. மொதல்ல வெளிய மட்டும். இப்ப ஊட்டுக்குள்ளயும் அதுதான்.

அவ திரும்பி வந்தது பதினாறாம் நாளு. கருமாதி முடிஞ்சி சொந்தக்காரங்க எல்லாம் போயிட்டாங்க, மத்தியானம், நான் சுருண்டு படுத்திருந்தேன். கொல்லையில பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டுச்சு. எழுந்து போயிப் பாத்தா எல்லாம் கழுவிக் கவுத்து வச்சிருந்துச்சு. அவ குத்துக்கால் போட்டு உக்காந்திருந்தா. கழுத்துல என் தாலி. நான் பயப்படல டீச்சர். ஏன் பயப்படணும், கூடப் பொறந்தவ. வந்துட்டியான்னேன். பேசல. அவ பேசறதில்ல, சாப்புடறதும் இல்ல. நான் எழுந்துக்கறதுக்கு முன்னாடி தண்ணி புடிச்சி வச்சிருப்பா, துணிய மடிச்சி வச்சிருப்பா, இலக்கியாவுக்கு ரெட்டைச் சடை பின்னி ரிப்பன் கட்டி வுட்டிருப்பா. 'நீதாம்மா பின்னி வுட்ட, ஏன் காலையில பேசவே மாட்டேங்கற'ன்னு அது கேக்கும். கொழந்தை, அதுக்கு எங்க ரெண்டு பேரையும் பிரிச்சிப் பாக்கத் தெரியல.

முந்திரிக் கொட்டைய மட்டும் தொட மாட்டா. வெளுத்த கை இல்லையா, கறை படக் கூடாதுன்னு இருக்கும். அது ஒண்ணுதான் அவ தனக்குன்னு வச்சிக்கிட்டது. போவட்டும்னு நானும் வுட்டுட்டேன்.

ரேசன் கடையில தனக்கொடி பேருக்கு நான் ரேகை வைக்கணும். மூணு மாசம் வச்சிப் பாத்தேன், விழவே இல்ல. கடைக்காரரு வேற வழியில ஏதோ பண்ணிக் குடுப்பாரு, திட்டிக்கிட்டே குடுப்பாரு. நாலாவது மாசம் அவ எங்கூட வந்தா. பின்னாடி நின்னு என் மணிக்கட்டப் புடிச்சி அழுத்துனா. பச்சை லைட்டு எரிஞ்சிடுச்சு. அன்னையில இருந்து ஒரு தடவைகூடத் தப்புனதில்ல. எப்படின்னு என்னைக் கேக்காதீங்க.

இப்ப யாராவது குணவல்லின்னு கூப்ட்டா எனக்குக் காது கேக்கறதில்ல. அவதான் திரும்பறா. செத்தும் என்னை வுட்டுட்டுப் போவ அவளுக்கு மனசு வரல, அவ்வளவு பாசம். அப்படித்தான் நெனச்சிக்கிட்டு இருந்தேன், போன மாசம் வரைக்கும்.

வீராசாமி நாலு வருசமா வாரா வாரம் மூட்டை எறக்குறாரு. என் மூஞ்சியப் பாக்க மாட்டாரு. கீழப் பாத்துக்கிட்டே வருவாரு, கீழப் பாத்துக்கிட்டே போவாரு. என்னா கோவமோன்னு வுட்டுட்டேன். வண்டிச் சத்தம் கேட்டா அவ வாசலுக்குப் போயி நிப்பா. மூட்டைய எறக்க ஒத்தாசைக்குப் போறான்னு நெனப்பேன்.

போன மாசம் அந்த ஆளு மூட்டைய வச்சிட்டுப் போவாம நின்னாரு. 'ஒண்ணு கேக்கணும்'னாரு. கேளுங்கன்னேன்.

'ஸ்கூல் செவுத்துல ஓட்டர் லிஸ்டு ஒட்டியிருக்காங்க. படிச்சேன். தனக்கொடின்னு இருக்குது, அப்பா பேரு ராமலிங்கம்னு இருக்குது. செத்ததுக்கு எழுதுன பேப்பர்ல அவ உங்க ஊட்டுக்காரருக்குப் பொண்டாட்டி. அது போவட்டும். இந்தப் பேப்பர்ல அவ உசுரோட இருக்கா. இதுல கணவர் பேருன்னு என் பேர எழுதிக்கக் கேக்கறேன். உங்ககிட்ட வேற எதுவும் கேட்டு வர மாட்டேன்.'

எனக்குக் கோவம் வந்துடுச்சு. என்னா பேசறீங்க நீங்கன்னேன்.

'தையில கட்டிக்கறதா இருந்தோம். திருவந்திபுரம் கோயில்ல. பொடவைகூட எடுத்தாச்சு.'

பொய் சொல்லாதீங்கன்னேன். கூடப் பொறந்தவ, ஒரே வயித்துல கெடந்தவ, எங்கிட்ட சொல்லாததையா ஒரு வண்டிக்காரருகிட்ட சொல்லியிருப்பா. அந்த ஆளு சண்டைக்கு வரல. சட்டைப் பையில இருந்து போன எடுத்து ஏதோ தேடுனாரு. ஒரு வாய்ஸ் வந்துச்சு. போறதுக்கு மொத நாளு அவ அனுப்புனது.

என் குரலு டீச்சர். ரெண்டு பேருக்கும் குரலும் ஒண்ணுதான். நான் பேசாத பேச்ச நானே பேசிக் கேக்கற மாதிரி இருந்துச்சு. 'குணா மாசமா இருக்கா, சாப்புட மாட்டேங்கறா, எனக்குப் பாத்துக்கிட்டு இருக்க முடியல. ரெண்டு வருசம்தான். பொறுத்துக்குவீங்களா? நம்ம விசயம் அவளுக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா போவவே வுட மாட்டா என்னை.' அவ்வளவுதான். கடைசியில யாரோ கூப்புடறாங்க, தனம் தனம்னு. நான்தான் கூப்புடறேன். சோறு ஆறுதுன்னு கூப்ட்டிருப்பேன்.

'இன்னொரு வாட்டி போடவா'ன்னு கேட்டாரு. வேணாம்னேன்.

போவ வுட மாட்டேன்னு அவ நெனச்சிருக்கா, பாருங்க. அத நெனச்சி நெனச்சிப் பாக்கறேன். வுட்டிருப்பேனா மாட்டேனா. உங்ககிட்ட என்னாத்துக்கு மறைக்கணும், எனக்குத் தெரியல டீச்சர். தெரிஞ்சிருந்தாலும் ரெண்டு நாளு சாப்புடாமத்தான் கெடந்திருப்பேன்னு தோணுது.

எனக்கு அழுவ வரல. அவரும் அழுவல. மூட்டைய நானே உள்ள இழுத்து வச்சேன்.

அன்னையில இருந்து அவ ஒரு வேலையும் செய்யறதில்ல. பாத்திரம் கெடந்தா கெடக்குது. இலக்கியா ஒரு மாசமா பரட்டைத் தலையோட ஸ்கூலுக்கு வருது, நீங்க பாத்திருப்பீங்க. இவ வாசப்படியிலயே நிக்கறா. உள்ளயும் வர மாட்டேங்கறா, வெளியயும் போவ மாட்டேங்கறா. தாலிக் கயித்த வெரல்ல சுத்திக்கிட்டே நிக்கறா. அத அவுக்கவும் தெரியல போலருக்கு அவளுக்கு, கட்டுனவரு வேற ஆளு இல்லையா.

எங்க ஊட்டுக்காரருகிட்ட சொன்னேன். வீராசாமி இப்படிக் கேக்கறாருன்னு. சோத்தத் தின்னுக்கிட்டு இருந்தவரு கைய நிறுத்திட்டாரு.

'அவளுக்குக் கட்டுனது நானு. பேரு மட்டும் அவன் பேரா'ன்னாரு.

'பொணத்துக்குத்தான கட்டுனீங்க'ன்னேன்.

பதினாறு வருசத்துல நான் அவர அப்படிக் கேட்டதில்ல. கைய கழுவிட்டுத் தோப்புக்குப் போயிட்டாரு. மூணாவது நாளு துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டே, 'பேருதான, எழுதிக்க'ன்னாரு. வாசப்படிய தாண்டும்போது கொஞ்சம் ஒதுங்கித் தாண்டுனாரு. அவருக்கும் தெரியுதோ என்னாவோ, நான் கேட்டுக்கல.

அதான் டீச்சர் உங்களப் பாத்துக்கிட்டு இருந்தேன். திருத்தம் பண்ண ஃபாரம் வச்சிருப்பீங்கன்னு வீராசாமி சொன்னாரு. இருக்குதா? இருக்குதில்ல.

என் பேரையா? குணவல்லியத் திரும்பச் சேத்துக்கலாங்கறீங்க. உசுரோட இருக்கறவங்க பேரு தப்பா அடிச்சிருந்தா திரும்பச் சேக்க வழி இருக்குங்கறீங்க. நல்ல மனசு உங்களுக்கு. பொண்ணுக்கு அம்மா இல்லன்னு ஸ்கூல்ல எழுதியிருக்குன்னு வருத்தப்படறீங்க, தெரியுது. ஆனா அவளச் சேத்தா இவள எடுக்கணும். ஒரு மூஞ்சிக்கு ஒரு பேருதான குடுப்பீங்க. எடுத்துட்டா தனக்கொடின்னு ஒருத்தி எங்கயுமே இருக்க மாட்டா. எரிச்சதும் வேற பேரு, கருமாதி பண்ணதும் வேற பேரு. வேணாம். இலக்கியாவுக்கு நான் சோறாக்கிப் போடறேன், அது போதும். நாளையில இருந்து தலையும் நானே பின்னி வுடறேன், பழகிக்கணும்.

கை தொடைச்சிக்கறேன் இருங்க, ஃபாரத்துல கறை படும்.

எழுதுங்க. பேரு தனக்கொடி. வயசு முப்பத்தேழு. அப்பா பேரு ராமலிங்கம்னு இருக்கறத அடிச்சிடுங்க. கணவர் பேரு வீராசாமி. வீ நெடிலு, ரா நெடிலு. வீராசாமி.

கையெழுத்து எங்க போடணும், இங்கயா? தள்ளி நில்லுடி, எழுத்தே தெரியல.

உங்கள இல்ல டீச்சர். நீங்க உக்காருங்க.